அலசின தண்ணீரை விடாத இசக்கிசெல்வி

இசக்கிசெல்வி பிறந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது. அவளைப் பெற்ற முருகம்மாள் வேறொரு தேதியைச் சொல்வாள். மழை கொட்டி ரயில் நின்றுபோன வாரத்தில்தான் பிறந்தாள் என்பதில் மட்டும் குடும்பத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தாள். அதன்பின் சயானில் ஒரு லாண்டரியில் இஸ்திரி மேசைக்கு நின்றாள். தாராவியில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த வேல்ராஜுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான சில வருடங்களில், குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தைக் காலி செய்து சொந்தமாகச் சலவைக்கூடம் தொடங்கினாள். கீழே மிஷின், மேலே குடித்தனம். மொட்டை மாடியில் கொடிகள்.

வாடிக்கையாளர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்த கல்யாண மண்டபங்கள். மேசை விரிப்புகள், நாற்காலி உறைகள், பந்தி பரிமாறுகிறவர்களின் வெள்ளை வேட்டிகள். சாம்பார்க் கறையும் மஞ்சள் கறையும் சோப்பு பட்டவுடன் குங்குமமாகச் சிவக்கும். அதை மறுபடி வெள்ளையாக்க வேண்டும். வெள்ளையாக்குவது அவளுக்குக் கைவந்த வேலை. கை வராத ஒன்று இருந்தது. தண்ணீர்.

அவர்கள் தெருவுக்கு ஒரே இணைப்பு. அதைச் சுற்றிப் பல வீடுகள். அந்த வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு செக்ரட்டரி. அவர் பிரம்மநாயகம், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாரும் பிடித்துக்கொள்ள வேண்டும். இசக்கிசெல்வி தன் குழாயில் சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்தியிருந்தாள். அது முறையல்ல என்பது அவளுக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும்.

அலசிய தண்ணீரையே சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வெகுநாளாக உண்டு. ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தாள். விரிப்புகள் நாறின, நூல் இற்றுப்போனது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேனில் வாங்கி ஊற்றிப் பார்த்தாள். அது நன்றாகவே வேலை செய்தது. அழுக்கையும் நாற்றத்தையும் தின்றுவிட்டுக் கடைசியில் தானும் வெறும் தண்ணீராகிவிடும் மருந்து அது. ஆனால் வெக்கையில் வைத்திருக்கக் கூடாத மருந்து. ஒரு மே மாதத்தில், வாசலோரம் வைத்திருந்த கேன் உப்பி, மூடி தெறித்து, எதிர்வீட்டுத் தகரக் கதவில் போய் அடித்தது. யாருக்கும் காயமில்லை. இருந்தாலும் அந்தச் சத்தத்தைத் தெரு மறக்கவில்லை.

அன்றைக்கே சலவைக்கூடத்தின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"ஏம்மா செல்வி, உம்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது" என்று பிரம்மநாயகம் தொடங்கினார். "ஆனா நீ மோட்டாரப் போட்டேன்னா கடைசி வீட்டுக் குழாயில வெறும் காத்துல்லா வருது."

"காத்தாவது வருதே அண்ணாச்சி! நேத்து எனக்கு அதுகூட வரல" என்றாள் அடுத்த வீட்டுப் பானுமதி. இட்லி அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழில் அவளுக்கு. கூட்டம் சிரித்தது. இசக்கிசெல்வி சிரிக்கவில்லை.

"இப்ப கேன் வேற வெடிக்குது. இதுக்கு மேல பொறுக்க முடியாது. பொங்கலுக்குள்ள ஒரு வழி பண்ணு தாயி. மோட்டாரும் இருக்கக் கூடாது, கேனும் இருக்கக் கூடாது. முடியலன்னா தேவ்நார் பக்கம் பெரிய இடமாக் கெடைக்கும், தண்ணியும் உண்டு" என்று முடித்தார் பிரம்மநாயகம்.

வேல்ராஜ் மெதுவாகத் தலையாட்டினான். தேவ்நார் யோசனை அவனுக்குள் முன்பே இருந்ததுதான். அவன் தலையாட்டியதை இசக்கிசெல்வி பார்த்துவிட்டாள்.

"தேவ்நாருக்குப் போனா இவளுக யாரு வருவா?" என்று தனக்குப் பின்னால் நின்ற பெண்களைக் காட்டிக் கேட்டாள். மிஷினில் போடவும் கொடியில் காயப்போடவும் மடிக்கவும் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தெருப் பெண்களே. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவார்கள், அடுப்பைப் பார்க்க இடையில் ஒரு நடை ஓடுவார்கள். பஸ் ஏறிப் போய் வேலை பார்க்க அவர்களில் ஒருத்திக்கும் முடியாது. "நான் எங்கயும் போகல அண்ணாச்சி. பொங்கலுக்குள்ளதானே? பண்ணிக் காட்டுதேன்."

எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது.

பதில் மழைக்காலம் முடிந்து வந்தது. விக்ரோலியில் சின்னதொரு கம்பெனி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்றைச் செய்து, சோதித்துப் பார்க்க ஒரு சலவைக்கூடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்தவள் அஸ்ரின் என்ற இன்ஜினியர் பெண். தேவ்நாரில் வீடு, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள். வேறு இரண்டு லாண்டரிகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"கேனே வேணாம்க்கா. மருந்த வாங்கி வைக்கிற பேச்சே இல்ல. எவ்ளோ வேணுமோ அவ்ளோ, இங்கயே, அப்பப்போ மிஷினே செஞ்சுக்கும்."

"எதுலேர்ந்து?"

"காத்து, தண்ணி, கரண்ட். பஸ், அவ்ளோதான்."

வேல்ராஜ் டெம்போவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "காத்துல வித்தை காட்டுறவங்க இந்தத் தெருவுக்கு நெறய பேரு வந்துட்டுப் போயிட்டாங்க பாப்பா."

"நான் போக மாட்டேன் அண்ணா. மிஷின் ஓடற வரைக்கும் தினம் வருவேன். டீ மட்டும் குடுங்க."

கருவி ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் அளவுதான் இருந்தது. உள்ளே கரித்தகடு ஒன்று; அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். மின்சாரம் பாயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீரோடு சேர்ந்து பெராக்சைடாகிறது. அது அலசிய தண்ணீர் நிற்கும் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து தண்ணீர் ஒரு எஃகுக் குழாய்க்குள் நுழையும். அதற்குள் எரியும் புறஊதா விளக்கின் வெளிச்சத்தில் மருந்து உடைந்து சோப்பையும் கறையையும் சிதைத்துவிடும். தொட்டியில் மருந்து போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கக் காகிதப் பட்டை ஒன்று உண்டு. நனைத்தால் அதன் நுனி நீலமாக வேண்டும்.

முதல் வாரங்களில் நுனி நீலமாகவே இருந்தது. நுரையும் மஞ்சளுமாகத் தொட்டிக்குப் போன தண்ணீர் மறுமுனையில் தெளிந்து வந்தது. இசக்கிசெல்வி அதை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். அன்று துவைத்த விரிப்பையும் கேன் மருந்தில் துவைத்த பழைய விரிப்பையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன்பிறகுதான் நம்பினாள்.

நம்பியதும் ஒரு காரியம் செய்தாள். அது நல்ல எண்ணத்தில் செய்த காரியம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் தினமும் மாவு ஆட்டுவார்கள். பானுமதி வீட்டில் பெரிய கிரைண்டர் இரண்டு. ஆட்டி முடித்துக் கிரைண்டரை அலசிய தண்ணீரை அந்தப் பெண்கள் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். அன்னம் கலந்த தண்ணீர், காலில் மிதிபடக் கூடாது. தெருக்கோடியில் அம்மன் பீடத்தருகே நின்ற வேம்பின் வேரில் கொண்டுபோய் ஊற்றுவது வழக்கம். அந்த வருடம் சாக்கடை வேலை நடந்தபோது மரத்தடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஊற்ற இடமில்லாமல் எல்லாரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிசெல்வி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: "எந்தத் தண்ணியானாலும் நம்ம தொட்டியில ஊத்துங்க மதினி. மிஷின் சுத்தம் பண்ணிக்கும். இனி உங்க குழாயில நான் கை வைக்க மாட்டேன்."

தெரு அவளிடம் மறுபடி முகம் கொடுத்துப் பேசத் தொடங்கியது. அவள் கணக்கு பலித்துவிட்டது போலத்தான் இருந்தது.

கார்த்திகை பிறந்த சமயத்தில் பட்டை நீலமாவது நின்றுபோனது.

கருவியிலிருந்து வரும் குழாயில் நனைத்தால் நுனி கருநீலம். தொட்டியில் நனைத்தால் வெள்ளை. மருந்து தொட்டிக்குள் போகிறது, போய்க் காணாமல் போகிறது. மறுமுனையில் வந்த தண்ணீரில் சோப்பு வாடை அடித்தது. ஒரு மண்டபத்தின் விரிப்புகள் பழுப்பேறித் திரும்பி வந்துவிட்டன. அஸ்ரின் கரித்தகட்டை மாற்றினாள், விளக்கைத் துடைத்தாள், தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினாள். கழுவிய அன்று மதியம் நீலம். அடுத்த நாள் காலை வெள்ளை.

"மிஷின் மேல தப்பில்ல அக்கா, அது பக்கா. தொட்டியில ஏதோ அத சாப்டுது" என்றாள் அஸ்ரின். அவள் முகமும் வாடியிருந்தது. கம்பெனியில் இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்று பேச்சு வந்திருந்ததை அவள் மறைக்கவில்லை.

வேல்ராஜ் மாலையில் வந்து, "நாளைக்கு தேவ்நார்ல ஒரு எடம் பாக்கப் போறேன். சும்மா பாத்துட்டு வாறேன்" என்றான்.

"பாத்துட்டு வாங்க. டெம்போவ மட்டும் காலையில எனக்கு விட்டுட்டுப் போங்க. செம்பூருக்கு உருப்படி போகணும்" என்றாள் அவள். டெம்போ ஓட்ட அவனை விட்டால் ஆளில்லை; மறுநாள் அவன்தான் உருப்படியை ஏற்றிக்கொண்டு போனான். தேவ்நாருக்குப் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் இசக்கிசெல்வி தொட்டியருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். என்ன உள்ளே போகிறதோ, அதைத் தன் கண்ணால் பார்ப்பதென்று முடிவு. சலவை மிஷினின் தண்ணீர் போயிற்று, நீலம். அலசிய தண்ணீர் போயிற்று, நீலம். அதன்பின் பெண்கள் வரத் தொடங்கினார்கள். இடுப்பில் சட்டி, கையில் வாளி. சிந்தாமல் கொண்டுவந்து, விளிம்பில் மெதுவாகச் சாய்த்து, வாளியை ஒருமுறை அலசி அதையும் ஊற்றிவிட்டுப் போனார்கள். பானுமதி ஊற்றிவிட்டுப் போன இடத்தில் தண்ணீர் பொரிந்தது. சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொடிப்பொடியாக நுரை எழும்பி அடங்கியது. சோப்பு நுரை அப்படி இருக்காது. சோப்பு நுரையை அவள் வாழ்நாள் முழுவதும் பார்த்தவள். பட்டையை நனைத்தாள். வெள்ளை.

அஸ்ரின் வந்தபோது இசக்கிசெல்வி, கடைசியாக வந்த வாளியிலிருந்து எடுத்துவைத்த மாவுத் தண்ணீரையும் கருவிக் குழாயிலிருந்து பிடித்த மருந்தையும் இரண்டு டீக் கிளாஸ்களில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "இதுல அத ஊத்து" என்றாள்.

கிளாஸ் பொங்கி மேசையில் வழிந்தது.

அஸ்ரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லாஹ்! உளுந்தா அக்கா இது? ஊறப்போட்ட பச்ச உளுந்தா?"

"உளுந்தும் அரிசியும். ஏன், அதுல என்ன இருக்கு?"

"உயிருள்ள பொருள் எல்லாத்துலயும் ஒரு நொதி இருக்குக்கா. பெராக்சைட உடைக்கிறதுதான் அதோட வேலையே. ஒரு துளி போதும், தொட்டியையே காலி பண்ணிடும். காலேஜ்ல உருளைக்கிழங்க வச்சு இதே எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிருக்கோம். யாரு இதக் கொண்டுவந்து தொட்டியில ஊத்துறது?"

"எல்லாரும். நான்தான் ஊத்தச் சொன்னேன்."

அஸ்ரின் சிரித்துவிட்டாள். மிஷின்மேல் தப்பில்லை என்று தெரிந்த சிரிப்பு அது. இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் வாசலாகப் போய் அழைத்தவள், அதே வாசல்களுக்குப் போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுவும் பொங்கல் நெருங்கும் நேரத்தில், இவளுக்கு அவகாசம் கொடுத்த அதே ஆட்களிடம்.

பானுமதியிடம் முதலில் போனாள். கஷ்டமானதை முதலில் முடிப்பது அவள் சுபாவம்.

"அப்ப எங்க வீட்டு மாவுத் தண்ணி ஒம் மிஷினுக்குத் தீட்டாக்கும்?" என்றாள் பானுமதி, கரண்டியைக் கீழே வைக்காமலே. "அன்னைக்கு வந்து மதினி மதினின்னு தேனா ஒழுகுன. இன்னைக்கு வேண்டாம்ங்க. நாளைக்கு நான் வாசல்ல நிக்கதுகூட ஒன் மிஷினுக்கு ஆகாதும்ப!"

"தீட்டுமில்ல ஒண்ணுமில்ல மதினி. பச்சையா ஊத்துனா மருந்த முறிச்சுப் போடுது. நான் தெரியாமச் சொல்லிட்டேன்."

"பச்சையா ஊத்தாம, தாளிச்சு ஊத்தணுமோ?"

பானுமதி அதைக் கேலியாகத்தான் சொன்னாள். இசக்கிசெல்வி அப்படியே நின்றாள். பிறகு திரும்பிச் சலவைக்கூடத்துக்கு நடந்தாள். "பாரு, பதில் சொல்லாமப் போறத" என்ற குரல் பின்னால் வந்தது.

"அஸ்ரின், கொதிக்க வச்சா அந்த நொதி என்ன ஆகும்?"

"செத்துடும். ஆனா அதுல இருக்கிற மாவு அப்படியேதான் இருக்கும்க்கா. தொட்டிக்கு அதுவும் லோடுதான்."

"தொட்டிக்கு வேண்டாம். கொதிக்க வச்சா அது கஞ்சிடீ! வெள்ளத் துணிக்குப் போட நான் கடையில கஞ்சி மாவு வாங்கிட்டுக் கெடக்கேன்."

அன்று பிற்பகலே பெரிய அலுமினியத் தவலை அடுப்பில் ஏறியது. எடுத்த எடுப்பில் அது சரியாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உளுந்தின் வழவழப்பால் முதல் விரிப்பு இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கருகியது. உளுந்து அலசிய தண்ணீரைத் தனியாகவும் அரிசி அலசிய தண்ணீரைத் தனியாகவும் வாங்கி, அரிசியில் உளுந்தைக் கொஞ்சமாகக் கலந்து, வடிகட்டிக் காய்ச்சிய பிறகு வேட்டிகள் கரை மடங்காமல் நின்றன. தவலை முன்னால் பானுமதி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என் மாவுத் தண்ணியிலயா இந்த வெறப்பு?"

"ஆமா மதினி. மாட்டுங்காவுல பந்தி பரிமாறுதவங்க இடுப்புல நிக்கப்போவுது."

"அப்ப கல்யாணத்துக்கு இட்லி ஆர்டரையும் நம்மகிட்டக் குடுக்கச் சொல்லு" என்றாள் பானுமதி. அதை அவள் சமாதானமாகவே சொன்னாள் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற வீட்டுப் பெண்களிடம் அதன்பின் இசக்கிசெல்வி தனியாகப் போக வேண்டியிருக்கவில்லை, பானுமதியே சொல்லிவிட்டாள். தொட்டியின் மேல் பலகை மூடி போட்டார்கள். பட்டை மறுபடி நீலமாயிற்று. தை மாதக் கல்யாணங்களுக்கான விரிப்புகள் குவியத் தொடங்கின.

பொங்கலுக்கு முந்தின காலை, தெருவில் கோலப்பொடி வாசலுக்கு வாசல் இறங்கிக்கொண்டிருந்த நேரம், பிரம்மநாயகம் நாலு பேருடன் வந்தார். இசக்கிசெல்வி எதையும் பெரிதாக விளக்கவில்லை. சலவை மிஷினிலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீரைக் காட்டினாள். கருவியின் மறுமுனையில் வருவதைக் காட்டினாள். பட்டையை அவர் கையிலேயே கொடுத்து நனைக்கச் சொன்னாள். நுனி நீலமானபோது அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொருமுறை நனைத்துப் பார்த்தார்.

"கேன்?"

"ஒண்ணு கூடக் கெடையாது. உள்ள வந்து பாருங்க."

"சரி. அப்ப மோட்டார்?"

குழாயில் மோட்டார் இன்னும் இருந்தது. பல வாரமாக அதை ஓட்டவில்லை, ஆனால் கழற்றவும் இல்லை. வேல்ராஜ் அவள் பக்கம் குனிந்து, "ஏட்டி, தை மாசம் முடியட்டும். முகூர்த்தம் எல்லாம் தாண்டட்டும். அந்தப் பொண்ணு மிஷினுக்கு மட்டும் கரண்ட் போனா என்ன பண்ணுவ? தகடு கெட்டா? கிடக்கட்டும் ஒரு ஓரத்துல" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கரித்தகடு ஒருநாள் தேயும் என்று அஸ்ரினே சொல்லியிருக்கிறாள். வேலை அதிகமான மாதத்தில் தொட்டி தடுமாறினால் கைகொடுக்க அந்த ஒரு மோட்டார்தான்.

இசக்கிசெல்விக்கு அது தெரியாமலில்லை. கிடந்தால், தடுமாறும் முதல் நாளே கை அதன் சுவிட்சுக்குப் போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். துருவேறிய நட்டு அசையவில்லை. வேல்ராஜ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே வந்து குழாயை இறுகப் பிடித்துக்கொண்டான். நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது.

கழற்றிய மோட்டாரை அவள் பிரம்மநாயகத்தின் கையில் வைத்தாள். கனத்தில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார்.

"இத நான் என்னம்மா பண்ண?"

"உங்க வீட்டுல வச்சிருங்க அண்ணாச்சி. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"கேப்பியா?"

"கேக்காம இருக்கத்தான் உங்ககிட்டக் குடுக்கேன்."

அந்தத் தை மாதத்தில் ஒருநாள் வயர் கருகி, பகல் முழுவதும் கருவிக்கு மட்டும் மின்சாரம் இல்லை. தொட்டி நிறைந்து நின்றது. விரிப்புகள் மூட்டையாகக் கிடந்தன. செம்பூர் மண்டபத்தின் மேனேஜர் விடாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தார். இசக்கிசெல்வி மிஷின் பெண்களைக் கஞ்சிக்கும் மடிப்புக்கும் மாற்றிவிட்டு, கறையில்லாத உருப்படிகளைப் பிரித்துக் கையால் அலசினாள். மின்சாரம் மாலையில்தான் வந்தது. பாதி உருப்படிகள் ஈரமாகவே டெம்போவில் ஏறின. மண்டபத்தின் மொட்டை மாடியில் போய் வேல்ராஜே காயப்போட்டான். அவளுக்கு வசவு கிடைத்தது. வாடிக்கை கைவிட்டுப் போகவில்லை.

பிரம்மநாயகத்தின் வீட்டுக் கட்டிலுக்கடியில் அந்த மோட்டார் இன்றும் இருக்கிறது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கிறது என்று அவர் மனைவிக்குக் குறை. சலவைக்கூடத்தின் வழியாகப் போகும்போது, "ஏளா செல்வி, உன் இரும்பக் கொண்டு போயேன்" என்று சத்தம் கொடுப்பாள். இசக்கிசெல்வி தொட்டியில் பட்டையை நனைத்தபடியே, "உங்க வீட்டுக்காரர் குடுக்க மாட்டார் மதினி" என்று சொல்லிவிட்டு நுனியைப் பார்ப்பாள்.